ஸ்வரம் வைக்க முடியாத இடம்

மழைக்காலத்தின் நடுவில் ஒரு மதிய ரயிலில், டோக்கியோவுக்கு மேற்கே உள்ள ஓமே ஊரில் வந்து இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் குடையை விரித்து, ஆற்றுப் பக்கம் இறங்கும் சரிவில் நடந்தேன். சுமிரேயின் வீடு அந்தச் சரிவின் அடியில் இருக்கிறது. பழைய மரவீடு; மாடி ஜன்னலைத் திறந்தால் ஆற்றுச் சத்தம் அறைக்குள் வந்துவிடும். கல்லூரி நாள்களிலிருந்து போய்வந்த வீடுதான். அவள் வசந்தத்தில் செத்துப்போன பிறகு, இறுதிச் சடங்கைத் தவிர்த்தால், அன்றுதான் முதல் தடவையாகப் போகிறேன்.

ஃபுமியே அம்மா, சுமிரேயின் தாய், கையில் துண்டோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"சாக்ஸ் எல்லாம் ஊறிப்போச்சே, அயனோ சான். கழட்டிக் குடு, காயப்போடறேன். வெறுங்காலோட மேல போ, நம்ம வீடுதானே."

அவர் அழுதிருந்தால் நானும் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அவர் அழவில்லை. வழக்கம்போலப் பார்லி டீயும் அரிசி பிஸ்கட்டும் தட்டில் வைத்து எனக்கு முன்னால் மாடி ஏறினார்.

நான் பாடகி இல்லை. பாடியதை எழுதுகிறவள். ஒருவர் பாடிப் பதிவு செய்து அனுப்புவார். நான் அதைக் கேட்டு, எந்த எழுத்து எந்த ஸ்வரத்தில் விழுகிறது, எங்கே வழுக்குகிறது, எங்கே நடுங்குகிறது என்று ஒவ்வொன்றையும் திரையில் சின்னப் பச்சைக் கட்டைகளாக அடுக்குவேன். அந்த ஸ்வரக் கோப்பைப் பாடும் மென்பொருளில் ஏற்றினால், கணினிக் குரல் அந்த மனுஷி பாடிய தோரணையிலேயே பாடும். எங்கள் வட்டாரத்தில் இந்த வேலைக்கு என் பெயரைச் சொல்வார்கள். காரணம் மூச்சு. மற்றவர்கள் பாடகி மூச்சிழுக்கும் இடங்களை வெற்றிடமாக விட்டுவிடுவார்கள். நான் அங்கேயும் ஒரு கட்டை வைப்பேன்.

சுமிரேவுக்கு இரண்டு குரல் இருந்தது. ஒன்று அவளுடையது. இன்னொன்று அவள் எழுத்து எழுத்தாகப் பதிந்து இணையத்தில் இலவசமாக விட்ட கணினிக் குரல். யார் வேண்டுமானாலும் அதை வைத்துப் பாடவைக்கலாம். அவள் செத்த வாரத்தில்கூட எவனோ ஒருத்தன் அவளைக் கப் நூடுல்ஸைப் பற்றிப் பாட வைத்திருந்தான். அவளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அவள் கடைசியாகப் பாடிய பாட்டு பாதியில் நின்றுபோயிருந்தது. எழுதியவன் என் கணவன் ரெய்ஜி. நாங்கள் மூன்று பேரும் கல்லூரி இசைக் குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். ரெய்ஜி மூத்தவன் என்பதால் சுமிரே அவனைக் கடைசிவரை "சென்பாய்" என்றுதான் கூப்பிட்டாள். வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். எனக்குக்கூட அந்த மரியாதை அவனிடம் வந்ததில்லை.

ஃபுமியே அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஆகஸ்டில் வரும் ஓபோன் திதிக்கு, செத்தவர்கள் வீடு திரும்புவார்கள். சுமிரேவுக்கு இது முதல் ஓபோன். அவள் வரும்போது அந்தப் பாட்டு முழுசாக ஒலிக்க வேண்டும். அவள் பாடிய பாதியை நான் ஸ்வரமாக எழுதி, மீதியை அதே தோரணையில் நிரப்பி, அவளுடைய கணினிக் குரலில் பாட வைக்க வேண்டும். ரெய்ஜி வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். உனக்கு மனசு தாங்காது, நானே போய்ப் பதிவை எடுத்து வருகிறேன் என்றான். ஃபுமியே அம்மாதான், மகளின் கணினியை அயனோவைத் தவிர யாரும் தொடக் கூடாது, ஓபோன் வரை அது அறையை விட்டு வெளியே போகவும் கூடாது என்று சொல்லிவிட்டார். என் மனசைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறானே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என்னைச் சொல்ல வேண்டும்.

அறையில் ஈரப் பாயின் வாடை. அதோடு ஊதுபத்தியும் பூச்சி உருண்டையும். மூலையில் மெத்தைகளை மடித்து வைக்கும் சுவரலமாரி, அதன் காகிதத் தள்ளுகதவு முழுக்கத் திறந்திருந்தது. மெல்லிய சுவர் வீடுகளில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் ஸ்டூடியோ. மைக்கோடு உள்ளே நுழைந்து மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து பாடினால், பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் கேட்காது. சுமிரே அங்கேதான் பாடுவாள். அங்கேதான் செத்துக் கிடந்தாள். ஆஸ்துமா. மருந்துப் பம்பு வெளியே மேசையில் இருந்தது.

"அந்தக் கதவ மட்டும் முழுசா மூடிடாதே" என்றார் ஃபுமியே அம்மா. "ஈரத்துல இறுகிக்கும். உள்ளேருந்து திறக்க வராது. அவளும் எப்பவும் ஒரு கையளவு விட்டுத்தான் பாடுவா. அன்னைக்கு ஏன் மூடினாளோ."

தட்டை மேசையில் வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் கடைக்குப் போயிட்டு வந்து கீழதான் இருந்தேன். மேல தட்டித் தட்டித் தாளம் போட்டுட்டு இருந்தா. சந்தோஷமாத்தான் இருந்தா, அயனோ சான். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

அவர் இறங்கிப் போனார். நான் கணினியைத் திறந்தேன்.

எங்கள் வேலையில் முதல் படி எல்லோருக்கும் ஒன்றுதான். பதிவின் தொடக்கத்தில் வரும் இருமல், செருமல், நாற்காலிச் சத்தத்தையெல்லாம் கேட்காமலே வெட்டி, முதல் எழுத்திலிருந்து ஆரம்பிப்போம். பாடும் மென்பொருளில் முதல் கட்டம் எப்போதும் காலியாக இருக்கும். அதில் ஸ்வரம் வைக்கவே முடியாது, வைத்தால் ஏற்காது. பாட்டு இரண்டாம் கட்டத்தில்தான் தொடங்கும். அதனால் அதற்கு முன்னால் இருப்பதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

வெட்டியதைத் தானியங்கியிடம் கொடுத்தேன். பாட்டைக் கேட்டுத் தோராயமாக ஸ்வரங்களை அடுக்கித் தரும் சிறு நிரல் அது. கொஞ்சம் அசடு. சுதி உள்ள எதைக் கேட்டாலும் பாட்டு என்று நினைத்துக்கொள்ளும். காக்கைக்கும் ஸ்வரம் வைக்கும், ஃபிரிட்ஜுக்கும் வைக்கும். அந்தக் குப்பைகளைக் கையால் பொறுக்கி எறிவது என் வேலை.

சுமிரேயின் வரிகள் பச்சைக் கட்டைகளாக வந்து விழுந்தன. அவற்றுக்குக் கீழே, மிகத் தாழ்ந்த சுதியில், அங்கங்கே ஒன்றிரண்டு குப்பைக் கட்டைகள். நீக்கினேன். தேநீர் குடித்தேன். மழை வலுத்து அறை இருட்டியது. விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

குப்பைக் கட்டைகள் திரும்பி வந்திருந்தன.

சேமிக்க மறந்திருப்பேன் என்று மறுபடி நீக்கினேன். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை. ஒன்றும் வரவில்லை. சரி என்று திரையைப் பாட்டின் ஆரம்பத்துக்கு நகர்த்தினேன்.

முதல் கட்டத்தில் ஒரு கட்டை இருந்தது.

வைக்க முடியாத இடம் அது. பழகிய கையோடு அழிக்கப் பார்த்தேன், அழியவில்லை. நகர்த்தினால் நகரவில்லை. தாழ்ந்த சுதியில் நீளமாக ஒரே ஒரு ஸ்வரம். அதன் வளைவு கொஞ்சம் கீழிருந்து தொடங்கி மெல்ல வழுக்கி மேலேறிச் சரியான இடத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு மூச்சு.

பின்னால் அலமாரிக்குள் யாரோ மூச்சிழுத்தார்கள்.

திரும்பினேன். மெத்தைகள் மடித்தபடி இருந்தன. மழைதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் மழை மூச்சிழுக்குமா? பாட்டு பாடப்போகிறவள் இழுக்கும் மூச்சு அது, வாயைத் திறந்து, வயிறு நிறைய. அதை இழுத்தவள் விட வேண்டும் அல்லவா? காத்திருந்தேன். விடவே இல்லை.

எழுந்து ஓடியிருக்கலாம். எனக்குப் பயத்தைவிடப் பிடிவாதம் ஜாஸ்தி. பாட விடும் பொத்தானை அழுத்தினேன்.

சுமிரேயின் கணினிக் குரல், அந்த முதல் ஸ்வரத்தை முனகியது. கீழிருந்து வழுக்கி மேலேறி நின்றது.

அந்த முனகலை நான் அறிவேன்.

பாடகிக்குத் தொடக்க ஸ்வரம் எடுத்துக் கொடுக்க ரெய்ஜி இப்படித்தான் முனகுவான். எப்போதும் கொஞ்சம் தாழ்ந்தே ஆரம்பித்து, தப்பு என்று தெரிந்து மேலே வழுக்குவான். கல்லூரியில் எல்லோரும் அதை வைத்துக் கேலி செய்வோம். அவன் குழந்தையைத் தாலாட்டினால் குழந்தைக்குப் படிக்கட்டில் உருள்வதுபோல இருக்கும் என்று சுமிரே சொல்வாள். அவளுடைய குரலே இப்போது அவன் முனகலை எனக்குப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தது.

மூலப் பதிவைத் திறந்தேன். தேதி அவள் இறந்த நாள். கேட்காமல் வெட்டி எறிந்த தொடக்கத்தை, ஒலியை முழுக்க ஏற்றிவைத்துக் கேட்டேன்.

மெத்தை உரசும் சத்தம். அடக்கிய சிரிப்பு. பிறகு சுமிரே, மைக்குக்குப் பக்கத்திலேயே, சொன்னாள்:

"ரெய்ஜி, கால எடு. எனக்கே இடம் இல்ல."

சென்பாய் இல்லை. வாங்க, போங்க இல்லை. ரெய்ஜி.

பிறகு அவன் முனகினான். அவள் மூச்சிழுத்துப் பாட ஆரம்பித்தாள். பாட்டின் நடுவில் லேசாக ஒரு இருமல்; உடனே ஒரு டிக் சத்தத்தோடு பதிவு முடிந்தது.

அந்த அலமாரி ஒன்றரை ஆள் கொள்ளளவு. அன்று அவன் நகோயாவில் இருந்தான், அல்லது அப்படித்தான் எனக்குச் சொன்னான். சாயங்காலம் வரும்போது நகோயாவின் அரிசி இனிப்பு ஒரு பெட்டி வாங்கி வந்தான். அதில் ஒரு துண்டு என் வாயில் இருக்கும்போதுதான் சுமிரே செத்த செய்தி வந்தது. அழுதபடியே அதை விழுங்கினேன். அதே இனிப்பு டோக்கியோ ஸ்டேஷனிலும் கிடைக்கும் என்று எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை?

எனக்கு வந்தது பயமே இல்லை. ஆத்திரம். அலமாரி முன்னால் போய் நின்றேன்.

"ஏண்டி, உனக்கு ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா?" என்று அந்த மெத்தைகளைப் பார்த்துக் கேட்டேன். "என் புருஷனையும் எடுத்துக்கிட்டு, அதை எழுதி வைக்கிற வேலைக்கும் என்னையே கூப்பிடறியா? உனக்காக எத்தனை நாள் சோறு இறங்காம இருந்தேன் தெரியுமா?"

உள்ளே யாரோ மெல்லத் தட்டினார்கள்.

மெத்தைக்குப் பின்னாலிருந்து, மரத்தில், சோர்ந்துபோன கையால் தட்டுவதுபோல.

கீழேயிருந்து ஃபுமியே அம்மா, பாட்டு நன்றாக வருகிறதா என்று குரல் கொடுத்தார். நல்லா வருது அம்மா என்றேன்.

வீட்டில் ரெய்ஜி மீன் பொரித்து வைத்திருந்தான். வேலை எப்படிப் போயிற்று என்று கேட்டான். பதிவில் ஏதாவது விசேஷம் உண்டா என்றும் கேட்டான். முதல் எழுத்துக்கு முன்னால் இருந்ததை வழக்கம்போல வெட்டிவிட்டேன் என்றேன். அவன் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவன், அவன் நிம்மதி அடைவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"நீ அந்த வீட்டுக்குக் கடைசியா எப்போ போனே?" என்றேன்.

"புத்தாண்டுக்கு. நீயும்தான வந்தே." மீனில் முள் எடுத்து என் தட்டில் வைத்தான். "சாப்பிடு. இளைச்சுப் போயிட்டே."

அவன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல ஒருத்தனுக்கு வருமென்றால், அவன் சொன்ன மற்றவற்றில் எது நிஜம்? நான் அந்த மீனைச் சாப்பிட்டேன். கேட்டு உடைத்துவிடலாம்தான். ஆனால் வாயால் கேட்டால் வாயால் பொய் சொல்வான். அந்த முனகலைச் சுமிரேயின் குரலில், அவள் தாய் முன்னால், அவன் காதில் விழ வைத்துவிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுபடி ஓமே போனபோது கோப்பு வளர்ந்திருந்தது.

பதிவு நின்ற இடத்துக்குப் பிறகு நான் இன்னும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. திரையில் கட்டைகள் தொடர்ந்து போயின. பாட்டில்லை. எல்லாம் மூச்சு. முதலில் இடைவெளி விட்டு, பிறகு நெருங்கி நெருங்கி, பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக.

எல்லாம் உள்ளிழுக்கும் மூச்சு.

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். கணினிக் குரலுக்காக எழுத்துகளைப் பதியும்போது பாடகிகள் மூச்சிழுப்பதைத்தான் பதிவார்கள். விடுவதை யாரும் பதிவதில்லை, பாட்டில் அதற்கு வேலை இல்லை. ஆகவே அந்தக் குரலால் மூச்சை இழுக்க மட்டும்தான் முடியும். சுமிரேவுக்கு ஆஸ்துமா வரும்போதும் அப்படித்தான். உள்ளே போகும், வெளியே வராது என்று தானே சொல்லியிருக்கிறாள்.

பாட விட்டுக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் கட்டைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து அழுதேன். மீதிப் பாட்டை இன்னொரு கோப்பில் எழுதி முடித்தேன். முன்பு எடுத்த முடிவும் ஆட்டம் கண்டது; ஓபோனுக்கு எதைப் போடுவது என்பதை அன்று காலைவரை நான் தீர்மானிக்கவில்லை.

ஓபோன் அன்று மழை போய் சில்வண்டுகள் காதைத் துளைத்தன. முதல் ஓபோனுக்கான வெள்ளை விளக்கை ஃபுமியே அம்மா வாசலில் தொங்கவிட்டிருந்தார். படையல் பலகையைச் சுமிரேயின் அறையிலேயே போட்டிருந்தார். அவளுடைய படம், பீச் பழங்கள், அவள் சீக்கிரம் வந்துசேர வெள்ளரிக்காய்க் குதிரை, நிதானமாகத் திரும்பிப் போகக் கத்தரிக்காய் மாடு, இரண்டுக்கும் குச்சிக் கால்கள். அலமாரிக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. ரெய்ஜி கறுப்புச் சட்டையில் மண்டியிட்டு உட்கார்ந்து, விசிறியால் ஃபுமியே அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை.

"சுமிரே, வந்துட்டியா? அயனோ சான் உன் பாட்டைப் போடறா, கேளு" என்றார் ஃபுமியே அம்மா படத்தைப் பார்த்து.

நான் வளர்ந்த கோப்பைத் திறந்தேன்.

முதல் ஸ்வரம். கீழிருந்து வழுக்கி மேலேறியது.

விசிறி நின்றது.

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன்.

பொத்தான் வேலை செய்யவில்லை.

சுமிரே பாடினாள். ஃபுமியே அம்மா கண்ணை மூடித் தலையாட்டினார். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. டிக்.

மூச்சு.

கொஞ்சம் கழித்து இன்னொன்று.

"இதுவும் பாட்டா?" என்றார் ஃபுமியே அம்மா மெதுவாக.

ஊதுபத்திப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது, திடீரென்று அலமாரிப் பக்கம் வளைந்தது. மூச்சுகள் நெருங்கின. வெளியே சில்வண்டுகள் எப்போது நின்றன என்று தெரியவில்லை.

அலமாரிக் கதவு நகர்ந்தது.

யாரும் தொடவில்லை. தடத்தில் உராய்ந்தபடி, மெல்ல, பாதி வந்தது. முக்கால் வந்தது. ஒரு கையளவு இடைவெளியில் நின்றது. பிறகு அதையும் மூடி, மரத்தோடு மரம் இறுகும் சத்தத்தோடு அடைத்துக்கொண்டது.

உள்ளேயிருந்து தட்டல் கேட்டது.

தட்டல்களுக்கு நடுவே தாளம் எதுவும் இல்லை.

ஃபுமியே அம்மா கண்ணைத் திறந்தார்.

"நான் இறுக்கி மூடல" என்றான் ரெய்ஜி. யாரும் அவனைக் கேட்கவில்லை. "கொஞ்சம் இழுத்துத்தான் விட்டேன். அவ தள்ளித் திறந்துப்பான்னு நெனச்சேன்."

"எப்போ?" என்றார் ஃபுமியே அம்மா.

"இருமல்தான் வந்துது. எப்பவும் வர்றதுதானே. அப்போ கீழ உங்க சைக்கிள் சத்தம் கேட்டுச்சு. நான் பின்படி இறங்கற வரைக்கும் சத்தம் கேக்கக் கூடாதுன்னு..."

"அந்தக் கதவு இறுகும்னு இந்த வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் தெரியுமே, ரெய்ஜி" என்றேன். "அவளை உள்ள வெச்சு மூடிட்டு, ரெக்கார்டிங்கை மட்டும் மறக்காம நிறுத்தியிருக்கே."

ஃபுமியே அம்மா அவனைப் பார்க்கவே இல்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கீழ வெங்காயத்தாள் நறுக்கிட்டு இருந்தேன்" என்றார். "சுமிரே தாளம் போடறான்னு நெனச்சேன்."

ரெய்ஜி பாய்ந்து போய்க் கதவைத் தூக்கித் தள்ளித் திறந்தான். தட்டல் நின்றது. உள்ளே மெத்தைகள் தவிர ஒன்றும் இல்லை. கணினி தானாக அணைந்திருந்தது. படையல் பலகையில் கத்தரிக்காய் மாடு குப்புற விழுந்து கால்கள் ஒடிந்து கிடந்தது. வெள்ளரிக்காய்க் குதிரை மட்டும் வந்தபடியே நின்றிருந்தது.

அன்று மாலை ஃபுமியே அம்மாவே அவனைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். சட்டம் அவனை எந்தக் குற்றத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் இழுத்தடித்து, கடைசியில் விட்டுவிட்டது. நாங்கள் பிரிந்தோம். அவன் சிபாவில் தன் அண்ணன் வீட்டில் இருந்தான். சரியாகத் தூங்குவதில்லை, அறையில் அலமாரி இருந்தால் படுப்பதில்லை என்று அவன் அண்ணன் ஒருமுறை சொன்னார். எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.

ஃபுமியே அம்மாவை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். சுமிரேயைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. பாடியதை எழுதும் வேலையை விட்டுவிட்டேன். ஒரு மதிய உணவுப் பெட்டிக் கடையில் சாதம் அடைக்கிறேன். தனி அறை. தரையில் மெத்தை விரித்துத் தூங்கி, காலையில் மடித்து அலமாரியில் வைக்கிறேன்.

அங்கேதான் அவள் இருக்கிறாள்.

மெத்தையை உள்ளே தள்ளும்போது கேட்கும். வயிறு நிறைய ஒரு மூச்சு, உள்ளே. விடுவதே இல்லை. திரும்பிப் போக அவளுக்கு அந்தக் கத்தரிக்காய் மாடு இல்லாமல் போயிற்று, என்னிடம் வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் திட்டினேன். பிறகு பழகிவிட்டது. அந்தக் கதவை நான் ஒருநாளும் மூடியதில்லை; அவளுக்காகத் திறந்தே வைத்திருக்கிறேன். அவள் என்னிடம் வந்தது மன்னிப்புக் கேட்கத்தான் என்றுகூட நம்பத் தொடங்கியிருந்தேன்.

இன்று காலை மெத்தையை மடித்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்றபோது, மூச்சுக்கு முன்னால் வேறொன்று கேட்டது.

தாழ்ந்த குரலில் ஒரு முனகல். கொஞ்சம் கீழிருந்து தொடங்கி, வழுக்கி, மேலேறி நின்றது.

பிறகு அடக்கிய சிரிப்பு.

என் போன் அடிக்கத் தொடங்கியது. திரையில் ரெய்ஜியின் அண்ணன் பெயர். இந்த நேரத்தில் அவர் எதற்காகக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செத்தும் அவளைத்தான் தேடிப் போயிருக்கிறான், அதுவும் என் அலமாரிக்குள். அவளும் இடம் கொடுத்திருக்கிறாள்.

போனை எடுக்காமல் மெத்தையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அலமாரிக் கதவு உள்ளேயிருந்து மெல்ல நகர்ந்து, எனக்கு முன்னால் மூடிக்கொண்டது.